பரிசோதனை முடிவு கையில்... மருத்துவரைப் பார்ப்பதோ அடுத்த வாரம்! பதற்றத்தை எப்படிச் சமாளிப்பது?

இரவு 11 மணி. படுக்கப் போகும்முன் சும்மா ஹெல்த்ஹப் செயலியைத் திறக்கிறீர்கள். போன வாரம் பலதுறை மருந்தகத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனையின் முடிவு வந்துவிட்டது. 15, 20 எண்கள். அதில் ஒன்று மட்டும் வரம்புக்கு வெளியே.

மருத்துவரைப் பார்க்க இன்னும் 5 நாள் இருக்கிறது. கூகலைப் பார்க்க 5 விநாடி போதும்.

அப்புறம் என்ன, தூக்கம் போச்சு!

முன்பெல்லாம் முடிவும் விளக்கமும் மருத்துவரின் அறையில் ஒன்றாகக் கிடைக்கும். இப்போது முடிவு முதலில் வருகிறது, விளக்கம் பிறகு. நம் உடல்நலத் தகவல் நம் கையில் இருப்பது நல்லதுதான். ஆனால் அந்த இடைவெளியில்தான் பலருக்குப் பதற்றம் தொடங்குகிறது.

வரம்புக்கு வெளியே என்றால் நோயா?

முதலில் அந்த "வரம்பு" எப்படி வந்தது என்று பார்ப்போம். பல பரிசோதனைகளில், ஆரோக்கியமானவர்கள் பலரைச் சோதித்து, அவர்களில் 95 விழுக்காட்டினர் எந்த அளவுக்குள் இருக்கிறார்களோ அதையே வழக்கமான வரம்பு என்று வைக்கிறார்கள். அப்படியென்றால் மீதமுள்ள 5 விழுக்காட்டினர்? அவர்களும் ஆரோக்கியமானவர்களே. ஆனால் வரம்புக்கு வெளியே.

ஒரே நேரத்தில் 20 அம்சங்களைச் சோதிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்றால், முழு ஆரோக்கியத்துடன் இருப்பவருக்கும் குறைந்தது ஓர் எண்ணாவது வரம்பைத் தாண்ட ஏறக்குறைய 64 விழுக்காடு வாய்ப்புள்ளது. "எல்லாமே நார்மல்" என்று வருவதற்குத்தான் வாய்ப்பு குறைவு!

எனக்கே நடந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஏஎல்டி எனும் கல்லீரல் நொதியின் அளவு கொஞ்சம் கூடியிருந்தது. நான் மது அருந்துவதில்லை. இணையத்தில் 40 நிமிடம் தேடியதில் எனக்குக் கல்லீரலே இல்லை என்று நம்பும் நிலைக்குப் போய்விட்டேன். மருத்துவர் கேட்டது ஒரே கேள்வி: "பரிசோதனைக்கு முதல் நாள் உடற்பயிற்சி செய்தீங்களா?" நீண்ட இடைவெளிக்குப் பிறகு அன்றுதான் ஜிம்முக்குப் போய் எடை தூக்கியிருந்தேன். கடினமான உடற்பயிற்சிக்குப் பிறகு தசையிலிருந்தும் அந்த நொதி ரத்தத்தில் கலக்கலாம். இணையத் தேடல் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்கவே இல்லை.

கூகல் எந்த நாட்டுக் கணக்கைச் சொல்கிறது?

இது பலரும் கவனிக்காத ஒன்று. நீரிழிவைக் கண்டறிய உதவும் ஹெச்பிஏ1சி பரிசோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் 6.0 விழுக்காடு வரை இருந்தால் நீரிழிவு இருக்க வாய்ப்பு குறைவு. 7.0 அல்லது அதற்கு மேல் போனால் நீரிழிவாகக் கருதப்படும். இடைப்பட்ட 6.1 முதல் 6.9 வரை என்றால், வெறும் வயிற்றில் இன்னொரு ரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பார்கள்.

அமெரிக்க இணையத்தளங்களில் கணக்கு வேறு. அங்கே 5.7இலேயே நீரிழிவுக்கு முந்திய நிலை, 6.5இல் நீரிழிவு. அதனால் 5.8 என்ற ஒரே எண், நீங்கள் எந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து உங்களை நிம்மதியாகவும் வைக்கும், நோயாளியாகவும் ஆக்கும்.

அலகும் குழப்பும். இந்தியாவில் இருக்கும் சித்தப்பா "சுகர் எனக்கு 94" என்பார். உங்கள் அறிக்கையில் 5.2 என்று இருக்கும். பயப்பட வேண்டாம். 5.2ஐ 18ஆல் பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய 94தான் வரும்!

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தியர்களுக்கு நீரிழிவு அபாயம் அதிகம். எனவே எல்லைக்கோட்டில் இருக்கும் எண்ணை "பரவாயில்லை" என்று தள்ளிவிடக்கூடாது. பதறுவது வேறு, கவனிப்பது வேறு.

திரும்பத் திரும்பப் பார்ப்பது ஏன் உதவாது?

கழுத்தில் சின்னதாக ஒரு கட்டி தட்டுப்படுகிறது. அதை ஒரு நாளைக்கு 30 முறை அழுத்திப் பார்த்தால் என்ன ஆகும்? வலிக்கும். "ஐயோ, இப்ப வலிக்க வேற செய்யுதே!" என்று பயம் கூடும். பயம் கூடினால் நெஞ்சு படபடக்கும், வயிறு கலங்கும், கை நடுங்கும். அவையும் நோயின் அறிகுறிகளாகவே தோன்றும்.

தேடுவதும், அம்மாவிடம் "ஒண்ணும் இருக்காதுல்ல?" என்று பத்து முறை கேட்பதும் அப்படித்தான். கேட்டவுடன் நிம்மதி. அரைமணி நேரத்தில் மறுபடி சந்தேகம். ஒவ்வொரு முறையும் மூளை கற்றுக்கொள்வது ஒன்றைத்தான்: நிம்மதி வேண்டுமென்றால் மறுபடி சரிபார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சொல்லிவிட்டால் இன்னும் மோசம். பெரியம்மா பாகற்காய்ச் சாறு அனுப்புவார், மாமா யாரோ ஒருவரின் மரணச் செய்தியை அனுப்புவார்.

சிலர் நேர் எதிர். பயத்தில் பரிசோதனைக்கே போகமாட்டார்கள், போனாலும் முடிவைத் திறக்கமாட்டார்கள். அதுவும் இதே பதற்றம்தான். சிகிச்சை தாமதமாகும் என்பதால் அதை இன்னும் கவனிக்க வேண்டும்.

சரி, அந்த 5 நாள் என்ன பண்ணலாம்?

முடிந்தால் பரிசோதனைக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்: "முடிவு எப்ப வரும்? யார் விளக்குவாங்க? எந்த அளவு வந்தா நான் உடனே கூப்பிடணும்?" அதற்குப் பதில் தெரிந்தால் பாதிப் பதற்றம் குறையும். உடனடி ஆபத்தைக் காட்டும் அளவு என்றால், ஆய்வுக்கூடம் பொதுவாக மருத்துவர்களுக்கு நேரடியாகத் தகவல் சொல்லும்.

எண்ணைப் பார்த்தாச்சு, பயமாக இருக்கிறது என்றால் மனத்தில் ஓடும் கேள்விகளைத் தாளில் எழுதுங்கள். சந்திப்பின்போது கேட்கலாம். தேடாமல் இருக்கவே முடியாது என்பவர்கள் ஒரு நாளில் 15 நிமிடம் மட்டும் ஒதுக்கலாம், படுக்கையில் வேண்டாம். குடும்பத்தில் ஒரே ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் போன்றவை இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு 995ஐ அழையுங்கள்.

எல்லாம் சரி என்று மருத்துவர் சொன்ன பிறகும் வாரக்கணக்கில் பயம் போகவில்லையா? தூக்கம், வேலை, படிப்பு பாதிக்கப்படுகிறதா? உடல்நலம் குறித்த இந்தப் பதற்றத்துக்குத் தனிச் சிகிச்சை உண்டு. சிந்தனை, நடத்தை முறைகளை மாற்ற உதவும் சிபிடி எனும் மனநல சிகிச்சை நல்ல பலன் தருகிறது. பலதுறை மருந்தகத்திலோ உங்கள் குடும்ப மருத்துவரிடமோ கேட்கலாம். 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணை 24 மணி நேரமும் அழைக்கலாம். இரவு 11 மணிக்கும்.