செக்ரோல் புத்தகத்திலிருந்து பெருவிரல் ரேகை வரை

பினாங்கின் கெலுகோர் கரையில் நின்று தெற்கே பார்த்தால் ஜெரஜாக் தீவு தெரியும். தமிழ்நாட்டிலிருந்து பினாங்குக்கு ஆள் ஏற்றி வந்த கப்பல்களில் காலராவோ அம்மையோ கண்டால், வந்தவர்களை அங்கேதான் இறக்கித் தடுத்துவைத்தார்கள். மலாயாவில் வேலை செய்ய ஒருவனுக்குத் தகுதி உண்டா என்ற கேள்விக்கு அன்று உடம்புதான் பதில் சொன்னது. தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால், இன்ன கங்காணியின் ஆள் என்பதே அடையாளம். செக்ரோல் என்ற வருகைப் பதிவுப் புத்தகத்தில் ஒரு வரியில் ஆள் அடங்கிவிடுவான்.

புத்தகத்தை எழுதிய தோட்டத்துக் கிராணிக்கு அந்த வரிக்கு வெளியேயும் நிறையத் தெரியும். யாருக்குக் கடன், யார் கள்ளுக்கடையில் கிடக்கிறார், யார் வீட்டில் சண்டை என்பது வரை தெரியும். ஆகவே அந்தக் காலத்தில் அந்தரங்கம் பத்திரமாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. லயத்து வீட்டில் அந்தரங்கம் ஏது? ஆனால் கிராணிக்குத் தெரிந்ததெல்லாம் பெரும்பாலும் தோட்டத்து எல்லையோடு நின்றது. அடுத்த தோட்டத்துக்குப் போனவன் அங்கே புது ஆளாகத் தொடங்க முடிந்தது.

ஒவ்வொருவரையும் தனித்தனியாகத் தெரிந்துகொள்ள அரசாங்கம் இறங்கியது 1948இல். அவசரகாலம் பிறந்திருந்தது. 12 வயதைக் கடந்தவர்களுக்குப் படமும் பெருவிரல் ரேகையும் பதித்த அடையாளக் கார்டு கட்டாயமாயிற்று. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகள் அந்தக் கார்டுகளைப் பறித்துக் கிழித்ததற்குக் காரணம் இருந்தது. இது வேலைக்கான தாள் அல்ல, ஆளைக் கண்காணிக்கும் தாள் என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது. பின்னர் காகிதம் போய்ப் பிளாஸ்டிக் வந்தது. குடிமக்களுக்கு நீலம், நிரந்தரவாசிகளுக்குச் சிவப்பு.

அந்த நிறத்தின் விலை 1969இல் தெரிந்தது. 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை இல்லாதவர் எவரும் பெர்மிட் இன்றி வேலை செய்யக்கூடாது என்றது. அதுவரை சிவப்புக் கார்டோடு பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு, பல ஆண்டுகள் செய்த அதே வேலைக்கு அனுமதித் தாள் தேவைப்பட்டது. பிறப்புப் பத்திரம் இல்லாதவர், மனு எழுதத் தெரியாதவர், குடியுரிமை என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தராதவர் என்று தோட்டங்களில் பலர் இருந்தார்கள். அந்த ஓரிரு ஆண்டுகளில் ஏறத்தாழ 60,000 இந்தியர்கள் இந்தியாவுக்குத் திரும்பியதாக வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். பினாங்குத் துறைமுகத்தில் ரஜூலா கப்பல் அப்போதும் வந்துபோய்க்கொண்டிருந்தது. கொடுமையான சோதனைதான். ஆனாலும் அது கண்ணுக்குத் தெரிந்த சோதனை. தாள் ஒன்று இருந்தது, அதைக் கேட்ட அதிகாரிக்கு முகம் இருந்தது, கிடைக்கவில்லை என்றால் எங்கே கிடைக்கவில்லை என்பதாவது தெரிந்தது.

பிறகு கெலுகோர் வட்டாரமும் மாறியது. 1972இல் தெற்கே பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை வந்தது. 1985இல் பாலம் வந்து கெலுகோர் கரையைத் தொட்டது. இப்போது இந்த வழியாகத் தொழிற்சாலைக்குப் போகும் பேருந்துகளில் நேப்பாளத்தவரும் வங்காளதேசிகளும் இருக்கிறார்கள்.

ஜெரஜாக் தீவின் வேலையை 1997 முதல், அந்நியத் தொழிலாளர்களுக்கான ஃபோமேமா மருத்துவச் சோதனை செய்கிறது. காசநோய், எச்.ஐ.வி., போதைப்பொருள், பெண்ணென்றால் கர்ப்பம். முடிவு குடிநுழைவுத் துறைக்குப் போகிறது. தகுதி உண்டா இல்லையா என்பது முதலாளிக்கும் தெரிந்துவிடுகிறது. 2011இல் நடந்த 6பி என்ற பதிவுத் திட்டத்தில் அந்நியத் தொழிலாளர்களின் கைரேகை கணினிக்குள் போயிற்று. பாஸ்போர்ட்டைத் தொழிலாளியிடமிருந்து வாங்கிப் பூட்டிவைப்பது 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆனாலும் அந்த வழக்கம் ஒழியவில்லை. அன்றைய தோட்டத்து ஆள் பெர்மிட்டைத் தகரப்பெட்டியில் தானே வைத்திருந்தார். இன்றைய ஆளுக்குத் தன்னைப் பற்றிய தாள்கூடத் தன் கையில் இல்லை.

குடிமக்கள் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். பழைய ஏழு இலக்க எண் ஆளைப் பற்றி ஒன்றும் சொல்லாது. 1990இல் வந்த 12 இலக்க எண்ணில் பிறந்த தேதி இருக்கிறது, பிறந்த இடம் இருக்கிறது, கடைசி இலக்கம் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதில் ஆணா பெண்ணா என்பதும் இருக்கிறது. பினாங்கில் பிறந்தவருக்கு 07, இந்தியாவில் பிறந்தவருக்கு 75. வேலைக்கு மனுப்போடும்போது வயதையும் பிறந்த நாட்டையும் மறைக்க வழியில்லை. 2001இல் மைகாட் என்ற புது அடையாளக் கார்டு வந்தபோது ரேகையும் சில்லுக்குள் சேர்ந்தது.

லாபம் இல்லாமல் இல்லை. ஒருவர் கார்டை மற்றொருவர் காட்டி ஏமாற்றுவது குறைந்திருக்கிறது. மாதக்கணக்கில் அலைந்த வேலை மணிக்கணக்கில் முடிகிறது. இதை எள்ளுபவர்கள் பழைய வரிசையில் நிற்காதவர்கள்.

நஷ்டம் வேறு இடத்தில். 2017இல் 4 கோடியே 62 லட்சம் கைப்பேசிக் கணக்குகளின் விவரம் வெளியே வந்தது. 2022இல் 2 கோடியே 25 லட்சம் பேரின் பதிவு விற்பனைக்கு வந்ததாகச் செய்தி. அது தேசியப் பதிவு இலாகாவிலிருந்து போனதல்ல என்று உள்துறை அமைச்சர் மறுத்தார். 2024 ஜனவரியில் அரசின் பாடு தரவுத்தளம் திறந்த கையோடு அதன் பதிவுமுறையில் ஓட்டை சுட்டிக்காட்டப்பட்டது. கிராணியின் புத்தகம் தொலைந்தால் ஒரு தோட்டம் தொலையும், அவ்வளவுதான்.

இத்தனைக்கும் காவலாக இருக்க வேண்டிய 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன் 3ஆம் பிரிவிலேயே மத்திய, மாநில அரசாங்கங்களை விலக்கிவிட்டது. 2024 திருத்தமும் அதைத் தொடவில்லை. 2025 ஏப்ரலில் நடப்புக்கு வந்த தரவுப் பகிர்வுச் சட்டமோ, இலாகாக்கள் ஒன்றிடமிருந்து மற்றொன்று தகவல் பெற வழி செய்கிறது. அமெரிக்காவிலும் முதலாளிகள் ஈ-வெரிஃபை என்ற அரசுக் கணினியில் ஆட்களின் தகுதியைப் பார்க்கிறார்கள். தவறான பதிவால் உரியவரே மாட்டிக்கொள்வது அங்கும் உண்டு. ஆனால் பொருத்தமில்லை என்று வந்தால் தொழிலாளிக்குச் சொல்ல வேண்டும், எதிர்த்து நடவடிக்கை தொடங்க எட்டு வேலைநாள் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. இங்கே கூட்டரசு நீதிமன்றம் சிவராசா ராசையா வழக்கில், அரசியலமைப்பின் 5ஆம் விதி சொல்லும் தனிமனித விடுதலைக்குள் அந்தரங்க உரிமையும் அடங்கும் என்று முன்பே கூறிவிட்டது. நாடாளுமன்றம்தான் பின்தங்கியிருக்கிறது.

கெலுகோர்வாசிகள் தங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: என் பதிவை எந்த இலாகா, எந்த நாளில், எதற்காகத் திறந்து பார்த்தது என்று எனக்குச் சொல்லியாக வேண்டிய சட்டத்தை எப்போது கொண்டுவருவீர்கள்?