நான்காவது டவுனில் இரண்டு கெஜம்

டீ வரட்டும். அதற்குள் அமெரிக்கக் கால்பந்தின் ஒரே ஒரு விதியைச் சொல்லிவிடுகிறேன். மற்ற விதிகள் தெரியாமலேயே இந்த வழக்கை விசாரித்துவிடலாம்.

பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு டவுன். நான்குக்குள் பத்து கெஜம் முன்னேறினால் புதிதாக இன்னொரு நான்கு கிடைக்கும். முன்னேறாவிட்டால், பந்து நின்ற இடத்திலேயே எதிரணியின் கைக்குப் போய்விடும். அதனால் மூன்று டவுன் தீர்ந்ததும் பல அணிகள் நான்காவதை ஆடிப் பார்ப்பதில்லை. பந்தை ஓங்கி உதைத்து எதிரணியைத் தூரத் தள்ளிவிடுவார்கள். அதற்குப் பன்ட் என்று பெயர். கோல் கம்பங்கள் எட்டும் தூரத்தில் இருந்தால், நடுவே உதைத்து மூன்று புள்ளி எடுக்கலாம். அது ஃபீல்டு கோல். இவ்வளவு போதும்.

2009 நவம்பர் 15, இண்டியானாபொலிஸ். நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் 34, உள்ளூர் அணியான கோல்ட்ஸ் 28. ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் எட்டு வினாடி. பேட்ரியட்ஸுக்கு நான்காவது டவுன். தேவை இரண்டு கெஜம். பந்து இருப்பதோ அவர்களுடைய பக்கத்தின் 28ஆம் கெஜக் கோட்டில். அங்கே பந்தைப் பறிகொடுத்தால் கோல்ட்ஸுக்கு 30 கெஜம்கூட ஓட வேண்டியதில்லை. ஊரே பன்ட் வருமென்று பார்த்துக்கொண்டிருந்தது. கோச் பில் பெலிசிக் ஆடச் சொன்னார். டாம் பிரேடி எறிந்தார், கெவின் ஃபாக் பிடித்தார். ஆனால் பந்து அவர் கையில் ஒரு கணம் தடுமாறியது. அது வசப்படுவதற்குள் எதிராளி அவரைப் பின்னுக்குத் தள்ளி வீழ்த்திவிட்டார். கொஞ்சத்தில்தான் தவறியது. கோல்ட்ஸின் பேட்டன் மேனிங் மீதித் தூரத்தைக் கடந்து, 13 வினாடி மிச்சமிருக்கையில் பந்தைக் கடைசிக் கோட்டைத் தாண்டவைத்து டச் டவுன் போட்டார். 35-34.

மறுநாள் பெலிசிக்கைத் திட்டாதவர் குறைவு. திட்டியவர்கள் யாராவது கணக்குப் போட்டார்களா என்பதுதான் என் கேள்வி.

நாமே போட்டுப் பார்ப்போம். எண்கள் பேச்சுக்குத்தான்; பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளுங்கள். இதே நிலைமை நூறு முறை வருகிறது என்று வையுங்கள். இரண்டு கெஜத்தை அறுபது முறை எடுத்துவிடலாம். எடுத்துவிட்டால் கடிகாரத்தை ஓட்டியே ஆட்டத்தை முடித்துவிடலாம், ஆக அறுபது வெற்றி. தவறுகிற நாற்பதிலும் எல்லாமே தோல்வி இல்லை. மேனிங் பாதி முறை முட்டி நிற்பார் என்றால் இன்னும் இருபது. மொத்தம் எண்பது. இப்போது பன்ட் அடித்துப் பாருங்கள். மேனிங் கிட்டத்தட்ட எழுபது கெஜம் ஓட வேண்டும், கையில் இரண்டு நிமிடம். நூறில் முப்பது முறை அவர் அதைச் செய்துவிடுவார் என்றால், உங்களுக்கு வெற்றி எழுபதுதான். பன்ட் ஜெயிக்க வேண்டுமானால், மேனிங் ஐந்தில் ஒரு முறைக்கும் குறைவாகத்தான் வெல்வார் என்று நீங்கள் நம்ப வேண்டும். அன்று அந்தக் கடைசிக் கால்பகுதியில் மட்டும் அவருடைய அணி இரண்டு முறை மைதானத்தின் பெரும்பகுதியைக் கடந்து டச் டவுன் போட்டிருந்தது. உங்களால் நம்ப முடிகிறதா? என்னால் முடியவில்லை.

பெலிசிக் மீது எனக்கும் ஒரு குற்றச்சாட்டு உண்டு, ஆனால் வேறொன்று. நான்காவதையும் ஆடுவதென்று முன்பே நினைத்திருந்தால், மூன்றாவது டவுனில் பந்தை எறியாமல் ஓடவிட்டிருக்கலாம். கடிகாரமும் ஓடியிருக்கும், இரண்டு கெஜம் ஒன்றாகக் குறைந்திருக்கவும் கூடும். எறிந்தார்கள், பந்து பிடிபடவில்லை, கடிகாரம் நின்றது. அதற்கு மேல், ஆட்டத்தை நிறுத்திவைக்கும் டைம் அவுட்டுகளை எல்லாம் கரைத்துவிட்டிருந்தார்கள். ஃபாக் விழுந்த இடத்தை நடுவர் சரியாகத்தான் குறித்தாரா என்று முறையீடு செய்ய டைம் அவுட் ஒன்று மிச்சமிருக்க வேண்டும். இல்லை. இந்தச் சில்லறைத் தவறுகளைப் பற்றிப் பேசியவர்கள் கொஞ்சம்தான்.

பெர்க்லி பொருளியலாளர் டேவிட் ரோமர் 2006இல் வெளியிட்ட கட்டுரையில், அமெரிக்கக் கால்பந்து அணிகள் நான்காவது டவுனில் தேவைக்கு மேல் உதைக்கின்றன என்று காட்டியிருந்தார். பெலிசிக்கும் கல்லூரியில் பொருளியல் படித்தவர்தான். கணக்கு கோச்சுகளுக்குப் புரியாதது அல்ல. பன்ட் அடித்துத் தோற்றால் பழி தடுப்பாட்டக்காரர்கள் மீது விழும். ஆடித் தோற்றால் கோச் மீது. டெஸ்ட் கிரிக்கெட்டில் டிக்ளேர் செய்யும் கேப்டனுக்கும் இதே கதிதான். 1968இல் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் மேற்கிந்தியத் தீவுகள் கேப்டன் சோபர்ஸ் துணிந்து டிக்ளேர் செய்தார், இங்கிலாந்து 215 ரன்னை எடுத்துவிட்டது. டிரா வரை மட்டையடித்துக்கொண்டே இருந்திருந்தால் அவரை யார் கேட்டிருப்பார்கள்?

டெட்ராய்ட் லயன்ஸின் கோச் டேன் கேம்பெல் இந்தப் பயமே இல்லாதவர் போல ஆடவைப்பவர். 2024 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிராக, இறுதிப் போட்டியான சூப்பர் பவுலுக்கு ஒரே படி கீழே, இரண்டாம் பாதியில் இரண்டு முறை ஃபீல்டு கோலை வேண்டாமென்று நான்காவது டவுனை ஆடச் சொன்னார். இரண்டும் தவறின. முதல் முறை, கைக்கு வந்த பந்து நழுவியது. தோற்றது 34-31. மூன்றே புள்ளி வித்தியாசம் என்பதால் ஏச்சுக்குக் கேட்கவா வேண்டும்! அந்த இரண்டாவது முடிவைப் பற்றி எனக்கே சந்தேகம் உண்டு. மூன்று புள்ளி பின்தங்கியிருக்கையில் ஃபீல்டு கோல் சமனாக்கியிருக்கும், தேவையோ மூன்று கெஜம். முதலாவதில் பந்து நழுவியதற்கு மட்டும் கோச்சைத் திட்டுவது நியாயமில்லை.

கேம்பெல் மாறவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் கிரீன் பே அணியுடன் 31-31. 43 வினாடி மிச்சம், நான்காவது டவுன், தேவை ஒரு கெஜம். ஃபீல்டு கோல் தாராளமாக எட்டும் தூரம்தான். ஆனால் உதைத்துவிட்டால் எதிரணிக்குப் பந்தும் நேரமும் கிடைக்கும். ஆடச் சொன்னார். பந்தை வாங்கிப் பின்வாங்கிய ஜாரெட் கோஃப் கால் தடுக்கிச் சரிந்தார். சரிந்துகொண்டே சக வீரர் மான்ட்கோமரியின் கையில் பந்தைத் திணித்துவிட்டார். ஏழு கெஜம் கிடைத்தது. கடிகாரத்தைக் கடைசி வரை ஓடவிட்டு ஃபீல்டு கோல் உதைத்தார்கள். லயன்ஸ் 34, கிரீன் பே 31. மறுநாள் எல்லோரும் கேம்பெலின் துணிச்சலைப் பாராட்டினார்கள். கோஃப் இன்னும் அரை நொடி முன்னதாக விழுந்திருந்தாலும் கேம்பெல் எடுத்த முடிவு அதேதான்.