உதவியவர் முதல்-மந்திரி! எதிரே அமர்ந்தவர் ராணிப்பேட்டை எம்.எல்.ஏ.!

ஏழை மாணவன் ஒருவனின் படிப்புக்கு ஒருவர் உதவுகிறார். அவன் படித்து ஆளாகிறான். உதவியவர் முதல்-மந்திரி ஆகிறார். அவனோ அவருக்கு எதிரே, எதிர்க்கட்சி வரிசையில்! அவன் என்ன செய்வான்?

இந்தச் சோதனை துரைமுருகனுக்கு வந்தது.

கைகொடுத்த எம்.ஜி.ஆர்.

துரைமுருகன் 1938-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி பிறந்தார். காட்பாடிப் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளை. சென்னைக்கு வந்து படித்தார். சட்டமும் படித்தார். படிப்புச் செலவுக்குக் கைகொடுத்தவர் எம்.ஜி.ஆர். இதைத் துரைமுருகனே மேடைகளில் பல முறை சொல்லி இருக்கிறார்.

1971-ல் காட்பாடியில் தி.மு.கழக வேட்பாளராக நின்று வென்றார். அப்போது வயது 32.

மறு ஆண்டே கட்சி இரண்டாயிற்று. எம்.ஜி.ஆர். தனிக்கட்சி தொடங்கினார். துரைமுருகன் அங்கே போகவில்லை. கருணாநிதியுடனேயே நின்றார்.

ராணிப்பேட்டை தீர்ப்பு

1977-ல் தேர்தல் வந்தது. எம்.ஜி.ஆர். முதல்-மந்திரி ஆனார். ஆனால் தோல் பதனிடும் ஊரான ராணிப்பேட்டை, துரைமுருகனைத் தேர்ந்தெடுத்தது. 1980-லும் அவரையே அனுப்பியது.

தமக்கு உதவியவரின் ஆட்சியைக் கேள்வி கேட்பதே இப்போது அவர் வேலை. அவர் பின்வாங்கவில்லை. காரசாரமாகப் பேசினார். சபையைச் சிரிக்கவும் வைத்தார். நன்றியை மட்டும் மறக்கவில்லை.

ஏற்றமும் இறக்கமும்

1984-லும் 1991-லும் வெற்றி அவர் பக்கம் இல்லை. 1989-ல் காட்பாடி மீண்டும் அவரை ஏற்றது. 1996 முதல் 2021 வரை ஆறு தேர்தல்களில் தொடர்ந்து வென்றார். ஆக, சட்டசபைக்குப் பத்து முறை! பொதுப்பணித்துறை மந்திரியாகவும், சட்ட மந்திரியாகவும் இருந்தார்.

2021 வெற்றி எளிதில் கிடைத்ததல்ல. வித்தியாசம் 746 ஓட்டுகள்தான்! அந்த ஆண்டு நீர்வளத்துறை மந்திரி ஆனார்.

பாலாறு கேட்கும் கேள்வி

தண்ணீர், இந்தப் பகுதிக்கு உயிர்ப் பிரச்சினை. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை ஊர்களில் தோல் தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. ஆனால் அதன் கழிவுநீர் பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. சுமார் 35 ஆயிரம் ஹெக்டேர் விளைநிலம் பாழானதாகச் சுப்ரீம் கோர்ட்டின் 1996-ம் ஆண்டுத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. ஒவ்வொரு தோல் ஆலைக்கும் 10 ஆயிரம் ரூபாய் அபராதம் விதித்தது. கழிவைச் சுத்தம் செய்யாத ஆலை இயங்கக் கூடாது என்றது. 2025 ஜனவரியிலும் சுப்ரீம் கோர்ட்டு இதே பிரச்சினையில் உத்தரவு போட வேண்டி வந்தது.

தொழிலும் வாழ வேண்டும். ஆறும் வாழ வேண்டும். இங்கே ஓட்டுக் கேட்டு வரும் எவரிடமும், எந்தக் கட்சியானாலும், மக்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு:

"எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கும் நாள் எப்போது வரும்?"