பத்துக் கட்டில்களும் ஒரு நிபந்தனையும்

மரணப் படுக்கையில் கிடக்கும் ஒருவருக்கு அரசாங்கம் செய்ய வேண்டியது என்ன? வலிக்கு மருந்து கொடுப்பதா, பக்கத்தில் ஒரு தாதியை அமர்த்துவதா, அல்லது அவர் கேட்டால் உயிரை முடித்து வைக்கும் ஊசியைப் போடுவதா? கேள்வி கொடூரமாகத் தோன்றலாம், வாசகியரே. ஆனால் எங்களில் பலரின் சகோதரங்களும் பிள்ளைகளும் வாழும் கனடாவில் இது வெறும் விவாத மேடைத் தலைப்பு அல்ல. பொதுப்பணம் எந்த இல்லத்துக்குப் போகும், எதற்குப் போகாது என்பதையே தீர்மானிக்கும் விடயம்.

நாம் கருணைக்கொலை என்று சொல்வதை அங்கே 'மருத்துவ உதவியுடனான மரணம்' என்கிறார்கள். 2015 பெப்ரவரியில் கனேடிய உயர் நீதிமன்றம் அதற்கிருந்த முழுத் தடையைச் செல்லுபடியற்றதாக்கியது. 2016 ஜூனில் சட்டம் வந்தது. மரணம் நெருங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை 2021 மார்ச்சில் நீக்கப்பட்டது. 2023 இல் மாத்திரம் 15,343 பேர் இவ்வாறு இறந்தார்கள். அந்த ஆண்டு அந்நாட்டில் நிகழ்ந்த மொத்த மரணங்களில் இது 4.7 சதவீதம்.

இனிப் பணத்தின் கதைக்கு வருவோம். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் டெல்ரா என்றொரு நகரம். அங்கே 1991 இல் தொடங்கப்பட்ட ஒரு தொண்டர் சங்கம், ஊர் மக்களிடம் சேர்த்த நன்கொடையைக் கொண்டு 2010 இல் பத்துக் கட்டில்களுடன் ஓர் அந்திமகாலப் பராமரிப்பு இல்லத்தைத் திறந்தது. பழைய உடுப்பு, பாத்திரங்களை விற்கும் கடை நடத்திக் காசு சேர்த்தவர்கள் அவர்கள். காணி மட்டும் பிரேசர் சுகாதார அதிகாரசபைக்குச் சொந்தம். சங்கம் நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்திருந்தது. அன்றாடச் செலவுக்கென அதிகாரசபை வருடத்துக்கு ஏறத்தாழ 15 இலட்சம் டொலர் கொடுத்து வந்தது.

பாதிக்கு மேற்பட்ட கட்டில்களுக்கு அரசிடம் பணம் பெறும் இல்லங்கள், மருத்துவ உதவியுடனான மரணத்தையும் தம் கூரையின் கீழேயே வழங்க வேண்டும் என்பது அதிகாரசபையின் நிபந்தனை. சங்கம் மறுத்தது. "வாழ்வின் கடைசி நாள்களைத் தாங்கிக்கொள்ள உதவுவதே எங்கள் வேலை, அதை முடித்து வைப்பதல்ல" என்பது அவர்கள் நிலைப்பாட்டின் சாரம். அரச நிதியில் 750,000 டொலரை விட்டுக்கொடுக்கிறோம், பாதிக்குக் கீழே இறங்கிவிடுகிறோம் என்றும் கேட்டுப் பார்த்தார்கள். பலிக்கவில்லை. 2020 பெப்ரவரி 25 இல் சேவை ஒப்பந்தத்தை முடிக்க ஒரு வருட அறிவித்தல் கொடுக்கப்பட்டது. 2021 பெப்ரவரியில் நிதி நின்றது, ஊழியர்கள் வேலையிழந்தார்கள். ஏப்ரலில் அதே கட்டடம் அதிகாரசபையின் கையில் மீண்டும் திறக்கப்பட்டது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே மாகாணத்தில் மத நிறுவனங்கள் நடத்தும் வைத்தியசாலைகள் இந்தச் சேவையை வழங்காமலே அரச நிதி பெறுகின்றன. 1995 இல் அவற்றின் சங்கத்துடன் மாகாண அரசு செய்த ஒப்பந்தம் அவற்றைக் காக்கிறது. டெல்ரா சங்கம் மதம் சாராதது. ஆகவே அதற்குப் பாதுகாப்பில்லை. மனச்சாட்சி என்பது மதத்தவருக்கு மட்டுமா உண்டு?

அரசின் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. வரி செலுத்தும் நோயாளி, சட்டம் தந்த உரிமையைக் கேட்கும்போது, அம்புலன்ஸில் ஏற்றி இன்னோரிடத்துக்கு அனுப்புவது அந்த நிலையிலுள்ள உடலுக்குச் சிறிய வேதனையா? வான்கூவரிலுள்ள கத்தோலிக்க வைத்தியசாலையொன்றிலிருந்து 2023 இல் இவ்வாறு மாற்றப்பட்ட ஓர் இளம் புற்றுநோயாளியின் குடும்பம் 2024 இல் வழக்குத் தொடுத்தது. அதைப் படித்தபோது எனக்கும் நெஞ்சு கனத்தது. ஆனால் டெல்ராவில் நிலைமை வேறு: இல்லத்துக்கு அருகிலேயே அரச வைத்தியசாலை இருக்கிறது.

கியூபெக் மாகாணம் இன்னும் ஒரு படி கடந்து, 2023 இல் இயற்றிய சட்டத்தால் எல்லா அந்திமகால இல்லங்களுக்கும் இதைக் கட்டாயமாக்கிவிட்டது. நியூசிலாந்தில் இல்லங்கள் நீதிமன்றம் போய்க் கேட்டபோது, விருப்பமில்லாத நிறுவனத்தைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்று 2020 இல் தீர்ப்பாயிற்று. எனக்கு அந்த வழிதான் பிடிக்கிறது. ஊசி வேண்டியவர் போக ஓர் இடமிருக்கட்டும். ஊசிக்குப் பயந்தவர் நிம்மதியாகப் படுத்திருக்கவும் ஓர் இடம் வேண்டாமா?

என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. 2020 ஒக்டோபரில் கனேடிய நாடாளுமன்ற வரவு செலவு அதிகாரி ஓர் அறிக்கை வெளியிட்டார். நடைமுறையிலிருந்த சட்டத்தால் 2021 இல் மாகாணங்களின் சுகாதாரச் செலவில் 8 கோடியே 69 இலட்சம் டொலர் குறையும், சட்டத்தை விரிவாக்கினால் மேலும் 6 கோடியே 20 இலட்சம் குறையும் என்று கணக்கு. செலவைக் குறைக்கும் வழியாக இதைக் கொள்ளக் கூடாது என்று அறிக்கையே சொல்கிறது. அதை மறைக்க மாட்டேன். ஆயினும், வீட்டுப் பராமரிப்புக்கும் வலி நிவாரணத்துக்கும் பணம் போதாதென்று சொல்லப்படும் நாட்டில் அந்தக் கணக்கு எழுதப்பட்டு மேசையில் கிடக்கிறது. 2025 மார்ச்சில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் குழு, மரணம் நெருங்காதவர்களுக்கும் இதைத் திறந்துவிட்ட ஏற்பாட்டை நீக்கும்படி கனடாவைக் கேட்டுக்கொண்டது.

நான் வீடு வீடாகப் போய் நோயாளர்களைப் பார்க்கும் தொழிலில் இருப்பவள். "நான் எல்லாருக்கும் பாரமாய்ப் போனன் பிள்ளை, கடவுள் கெதியா எடுத்தால் நல்லது" என்று சொல்லாத வயோதிபத் தாயை நான் கண்டது குறைவு. பெரும்பாலும் அதன் பொருள் சாக வேண்டும் என்பதல்ல. மருமகள் முகம் கோணாமல் துணி மாற்ற வேண்டும், இரவு வலி அடங்க வேண்டும், யாராவது கொஞ்ச நேரம் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதுதான். கனேடிய ஆண்டறிக்கைகளிலும் 'குடும்பத்துக்குச் சுமையாகிவிட்டேன்' என்பது நோயாளர் சொல்லும் காரணங்களில் ஒன்றாக இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது தனிமனிதத் தெரிவு பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். இந்தத் தாய்மாரின் 'தெரிவு' அந்தப் பக்கங்களில் இல்லை.

ரொறன்ரோவிலிருந்து சின்னம்மா போன மாதம் பேசினார். "வைத்தியசாலையிலே இதைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது, பிள்ளைகள் எனக்காகக் கையெழுத்து வைத்துவிடலாமா?" என்று பயந்தார். உங்கள் உறவினருக்கும் இந்தப் பயம் இருக்கலாம் என்பதால் சொல்கிறேன். நோயாளி தானே எழுத்தில் கேட்க வேண்டும், ஒரு சுயாதீன சாட்சி முன்னிலையில் கையொப்பம் இட வேண்டும். இருவர் தனித்தனியாகச் சோதித்து உறுதிப்படுத்த வேண்டும். அவர்கள் வைத்தியர்களாகவோ உயர்தகைமையுள்ள தாதியராகவோ இருப்பார்கள். மரணம் நெருங்காதவர் விடயத்தில் மதிப்பீட்டுக்குக் குறைந்தது 90 நாள்கள். எந்த நேரத்திலும் "வேண்டாம்" என்று சொல்லலாம். நோயாளி தீர்மானிக்க, பிள்ளைகளோ கணவரோ அவருக்குப் பதிலாகக் கேட்க முடியாது. மொழி விளங்காவிட்டால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறலாம், அது மகனோ மகளோ ஆக இல்லாதிருப்பது நல்லது. சின்னம்மாவுக்கு இதையெல்லாம் தமிழில் எழுதி அனுப்பியிருக்கிறேன். கைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறாராம்.