பஸ் வண்டியில் எல்லோருக்கும் இடம்

நாரணாபுரத்தில் பஸ் ஏறிச் சிவகாசி செல்பவரிடம் கண்டக்டர் காசு கேட்பார், சாதி கேட்கமாட்டார். இதில் என்ன அதிசயம் என்று இளைஞர்கள் வினவலாம். சுமார் நூறு வருஷங்களுக்கு முன், இவ்வூர் அடங்கியிருந்த இராமநாதபுரம் ஜில்லாவில், தாழ்த்தப்பட்டோரை வண்டியில் ஏற்ற மறுத்த பஸ் முதலாளிகள் உண்டு. அவ்வழக்கத்தை அதிகாரத்தால் அடக்கியவர் பட்டிவீரன்பட்டி ஊ. பு. அ. சௌந்தரபாண்டியன்.

பழனி மலையின் அடிவாரத்தில் காப்பி வியாபாரத்தால் செழித்த சிற்றூர் பட்டிவீரன்பட்டி. அங்கே 1893-ஆம் வருஷம் செப்டம்பர் 15-ஆம் தேதி செல்வக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். காப்பித் தோட்டங்களே அக்குடும்பத்தின் முதல். 1920-இல் சென்னைச் சட்டசபைக்கு நியமன அங்கத்தினரானார்.

செல்வம் இருந்தது, ஆனால் அவர் பிறந்த நாடார் சமூகத்துக்குச் சம மதிப்பு இருந்ததா? 1897-இல் கமுதிக் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்ததற்காக வழக்குத் தொடரப்பட்டது. அது லண்டன் பிரிவி கவுன்ஸில்வரை சென்று, 1908-இல் அவர்களுக்குப் பாதகமாகவே முடிந்தது. 1899 ஜூனில் சிவகாசி தாக்கப்பட்டு வீடுகள் எரிந்தபோது சௌந்தரபாண்டியனுக்கு வயது ஐந்து.

அடிபட்ட சமூகம் அழுதுகொண்டு நிற்கவில்லை. கடைக்குக் கடை மகமை திரட்டிப் பொதுக் காரியங்கள் செய்தது. விருதுநகர் க்ஷத்திரிய வித்தியாசாலை அப்படி எழுந்ததுதான். அந்த முயற்சியின் பலனாக, 1928-இல் அதே ஜில்லாவின் போர்டுத் தலைமை சௌந்தரபாண்டியனின் கைக்கு வந்தது.

தாம் உயர்ந்தபின் தமக்குக் கீழே நிற்பவரை மறப்பது மனித சுபாவம். அவர் மறக்கவில்லை. பஸ்களுக்கு லைசென்ஸ் அளிக்கும் அதிகாரம் அக்காலத்தில் ஜில்லா போர்டிடம் இருந்தது. தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுக்கும் வண்டியின் லைசென்ஸ் ரத்தாகும் என்று அவர் உத்தரவிட்டார். முதலாளிகளிடம் தர்மோபதேசம் செய்திருந்தால் தலையசைத்துவிட்டுப் பழையபடியே நடந்திருப்பார்கள். வியாபாரியின் மனம் வியாபாரிக்குத் தெரியும். லாபம் போகும் என்றதும் கதவு திறந்தது.

1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மகாநாட்டுக்கு அவரே தலைவர். சாதிப் பட்டங்களைத் துறக்கவேண்டும் என்று அங்கே தீர்மானமாயிற்று. அவரும் தம் பெயரின் பின்னிருந்த 'நாடார்' பட்டத்தை விட்டார்.

அவர் ஜஸ்டிஸ் கட்சியைச் சேர்ந்தவர். தேசீயவாதிகளுக்கும் அவருக்கும் அபிப்பிராய பேதம் மிகுதி. ஆயினும், ஹரிஜனங்களுக்கு நீதி வேண்டும் என்ற எவரும் இந்த ஒரு செய்கையைக் குறை கூற முடியாது.

1953 பிப்ரவரியில் அவர் காலமானார். சென்னைத் தியாகராய நகரின் பாண்டி பஜார் அவர் பெயரால் வந்தது என்பதை, அங்கே பட்டும் நகையும் வாங்குவோரில் பலர் அறியார். பெயர் மறந்தாலும் பாதகமில்லை. பஸ்ஸில் பக்கத்து இடத்தில் அமர்பவர் யார் என்று எவரும் கேளாதிருப்பதே அவருக்கு ஏற்ற ஞாபகச் சின்னம்.