ஓவியர் பட்டறையில் ஒரு நாள்

(கோபர்கைரனேயில் வசிக்கும் கல்லூரி மாணவர் ஒருவரின் அனுபவம்)

“படம் போட்டால் சோறு கிடைக்குமா?”

மும்பைக்குப் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்களில் இந்தக் கேள்வி எழாத வீடு குறைவு. எங்கள் வீட்டிலும் எழுந்தது. கேட்டவர் என் அப்பா. வாஷி மார்க்கெட்டில் வெங்காய மண்டி ஒன்றில் குமாஸ்தா. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து, தாராவியில் பத்தாண்டு வாடகைக்கு இருந்து, பிறகு கோபர்கைரனேயில் ஓர் அறை வாங்கிக் குடியேறியவர். அவர் அப்படிக் கேட்டதில் தவறு இல்லை.

நான் பி.காம். இரண்டாம் ஆண்டு மாணவன். பள்ளியில் படித்த காலத்திலேயே மகாராஷ்டிர அரசு நடத்தும் எலிமெண்டரி, இண்டர்மீடியட் ஓவியத் தேர்வுகள் இரண்டிலும் தேறியவன். ஓவியக் கல்லூரியில் சேரும் ஆசையை வீட்டில் சொன்னபோதுதான் அந்தக் கேள்வி பிறந்தது. அன்று என்னிடம் விடை இல்லை. விடை தேடிப் போன கதைதான் இது.

காலா கோடாவில்...

முதலில் நண்பர்களுடன் காலா கோடாவில் உள்ள ஜஹாங்கீர் கலைக்கூடத்துக்குப் போனேன். வாஷியில் வண்டி மாறி, சி.எஸ்.எம்.டி.யில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். 1952-ல் திறக்கப்பட்ட அந்தக் கூடத்தில் நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆனாலும் நம்மவர்கள் உள்ளே போகக் கூச்சப்படுகிறார்கள். நானும் கூச்சப்பட்டேன்.

வெள்ளைச் சுவர், குளிர்ந்த காற்று, பேசாமல் நடக்கும் மனிதர்கள். ஒரு படத்தின் விலை அப்பாவின் பத்து மாதச் சம்பளத்தைவிடக் கூடுதலாக இருந்தது! அந்தப் படம் எப்படிப் பிறந்தது, வரைந்தவர் எத்தனை முறை அழித்துத் திருத்தினார், அந்த மாதம் அவர் வாடகை கொடுத்தாரா என்ற விவரம் எதுவும் அந்தச் சுவரில் இல்லை. பார்த்ததெல்லாம் முடிந்த வேலை. வேலை நடக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அன்று வந்தது.

மணலில் எழுந்த ஊர்

கோடை விடுமுறையில் ஊருக்குப் போகும் வழியில், சென்னை திருவான்மியூரில் இருக்கும் சித்தப்பா வீட்டில் தங்கினேன். அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் ஏறினால் ஈஞ்சம்பாக்கம். அங்கேதான் இருக்கிறது சோழமண்டலம் ஓவியர் கிராமம்.

இதை உருவாக்கியவர் கே.சி.எஸ்.பணிக்கர். 1911-ல் கோயம்புத்தூரில் பிறந்தவர். குடும்பத்தைக் காப்பாற்றுவதற்காகப் படிப்பை விட்டுவிட்டுத் தந்தித் துறையில் வேலை பார்த்தவர். 25 வயதுக்குப் பிறகே சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். பின்னாளில், 1957-ல், அதே நிறுவனத்துக்கு முதல்வரானார்! அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து மனம் குமையும் நம் குமாஸ்தா அன்பர்கள் கவனிக்க வேண்டிய வரலாறு இது.

பணிக்கருக்கு முன் அங்கே முதல்வராக இருந்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரீனா கடற்கரையில் 1959-ல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலையை வடித்தவர் அவர்தான். அந்தச் சிலைக்கு முன் நின்று படம் எடுத்துக்கொள்ளும் நம்மில் பலருக்கு, அது ஓர் ஓவியப் பள்ளி ஆசிரியரின் கைவேலை என்பது தெரியாது.

முதல்வரான பணிக்கரை ஒரு கவலை வாட்டியது. படித்து முடிக்கும் மாணவர்கள் என்ன செய்வார்கள்? படம் வாங்குவோர் சிலரே. ஓவியர்கள் வேறு வேலைக்குப் போய்த் தூரிகையை மறந்துவிடுகிறார்கள். என் அப்பா கேட்ட அதே கேள்விதான்!

வயிற்றுக்கு ஒரு தொழில்

அதற்கு அவர்கள் கண்ட விடை எளிமையானது. எல்லோரும் சேர்ந்து ஒரு கைவினைஞர் சங்கம் அமைத்தார்கள். பாத்திக் துணி, தோல் வேலை, உலோக வேலை என்று மக்கள் வாங்கக்கூடிய பொருள்களைச் செய்து விற்றார்கள். துணியில் மெழுகால் கோலம் எழுதி, சாயத்தில் நனைத்து, பிறகு மெழுகை நீக்கினால் மெழுகு பட்ட இடம் மட்டும் சாயம் ஏறாமல் நிற்கும். இதுதான் பாத்திக்.

அப்படிச் சேர்ந்த பணத்தைக் கொண்டு, 1966-ல் கடலோரத்தில் நிலம் வாங்கினார்கள். அன்று அங்கே மணலும் சவுக்கும்தான். கலைஞர்கள் அங்கே குடிசை போட்டுக் குடியேறினார்கள். கொஞ்ச நேரம் வயிற்றுக்காகக் கைவினை; மீதி நேரம் மனத்துக்காக ஓவியம், சிற்பம். விற்பனை ஆகாத படத்தை, விற்பனைக்காக மாற்றி வரைய வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லாமல் போனது.

இதை வெறும் வெற்றிக் கதையாகச் சொல்வது நியாயமாகாது. கனவு போன்ற மாளிகைகளையும் விந்தை உருவங்களையும் வரைந்த கே.ராமானுஜம் என்ற பெரிய கலைஞர், அங்கே வாழ்ந்து 1973-ல் இளவயதிலேயே மறைந்தார். பணிக்கர் 1977-ல் காலமானார். சிலர் வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள். ஆனாலும் கிராமம் நிலைத்தது. சென்னை ஓவியர்களின் படைப்புகளைக் காட்டும் அருங்காட்சியகம் ஒன்றும் 2009-ல் அங்கே திறக்கப்பட்டது.

தாராவியின் சத்தம்

அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு, மரங்களுக்கிடையே நடந்தேன. ஒரு வீட்டின் திண்ணைப் பக்கம் சுத்தியல் சத்தம். தயங்கி நின்றேன். உள்ளிருந்த பெரியவர், “வாங்க தம்பி, பாருங்க” என்றார்.

ஸ்டூடியோ என்றால் சினிமாவில் காட்டுவது போல இருக்கும் என்று நினைத்திருந்தேன். நான் கண்டது ஒரு பட்டறை! தரையில் செப்புத் தகட்டின் வெட்டுத் துண்டுகள். மூலையில் வெல்டிங் கருவி. பெரியவர் கையில் பழைய தழும்புகள். அவர் தகட்டைத் தட்டிய தட்டில், தாராவியில் எங்கள் பழைய வீட்டுக்குப் பின்னால் இருந்த டின் பட்டறையின் சத்தம் எனக்குக் கேட்டது.

சுவரோரம் சாய்த்து வைத்திருந்த ஓர் உருவத்தைக் காட்டி, “இது ஏன் பாதியில் நிற்கிறது?” என்று கேட்டேன்.

“கழுத்து சரியா வரல. மூணு தடவை பிரிச்சாச்சு. நாளைக்கு மறுபடி பார்ப்போம்” என்றார்.

அந்தப் பதில் என் கூச்சத்தைப் போக்கியது. ஜஹாங்கீர் கூடத்தில் என்னை மிரட்டிய பொருளுக்குப் பின்னால் இப்படி ஒரு மனிதர். இப்படித் தவறும் திருத்தமும். வேலை செய்யும் கையை எனக்குத் தெரியும். அத்தகைய கைகளின் நடுவேதான் நான் வளர்ந்தேன்.

நம் பக்கத்திலேயே!

மும்பை திரும்பிய பிறகு, தாராவியில் அத்தை வீட்டுக்குப் போனபோது கும்பார்வாடாவுக்குள் நுழைந்தேன். எத்தனையோ முறை மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து போன சந்துகள் அவை. சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே தொழில் செய்கிறார்கள். வீடும் பட்டறையும் ஒன்றே. சந்தின் நடுவே சூளை. அங்கே செய்யும் அகல் விளக்குகள்தாம் தீபாவளிக்கு நகரமெங்கும் எரிகின்றன. திறந்த பட்டறையைப் பார்க்க நான் சென்னை வரை போனேன். அது நம் வாசலிலேயே இருந்திருக்கிறது!

விளம்பரப் பலகை எழுதியவர்

இதே மும்பையில் சினிமா விளம்பரப் பலகைகளை வரைந்து வயிற்றைக் கழுவியவர்தான், பின்னாளில் உலகப் புகழ் பெற்ற எம்.எஃப்.உசேன். துறையூர்ப் பக்கம் கீராம்பூரில் 1938-ல் பிறந்த கே.எம்.ஆதிமூலம், நெசவாளர் சேவை மையத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்துக்கொண்டே காந்தி கோட்டோவியங்களையும், தமிழ்ப் பத்திரிகைகளுக்கும் நூல்களுக்கும் அழகிய எழுத்துகளையும் படைத்தார். ஆக, கலைஞர்களில் பலர் இரண்டு வேலை பார்த்தவர்களே. ஒன்று சோறு போட்டது. மற்றது பெயர் தந்தது.

பிள்ளை படம் வரைந்தால் நோட்டைப் பிடுங்கும் பெற்றோருக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளையைக் கும்பார்வாடாவுக்கோ, காலா கோடாவுக்கோ கூட்டிச் செல்லுங்கள். செலவு ரயில் டிக்கெட் மட்டுமே. வேலையைப் பார்த்தபின் பிள்ளைக்கு ஆசை தணிந்தாலும் சரி, வளர்ந்தாலும் சரி. கண்ணால் கண்டு எடுத்த முடிவாக இருக்கும்.

அப்பாவின் கணக்கு

ஊரிலிருந்து வந்த இரவு அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிற்பத்தைப் பற்றிச் சொன்னபோது சும்மா கேட்டுக்கொண்டிருந்தார். சங்கம் வைத்து நிலம் வாங்கியதைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அந்த ஊர்க் கணக்கை யாரு பாத்தா?”

“அவங்களே சேர்ந்துதான் பார்த்திருக்காங்கப்பா.”

சிறிது நேரம் யோசித்தார்.

“அப்ப ஒம் பி.காம். வீணாப் போகாதுல. மொதல்ல அத முடி. பெறகு ஜே.ஜே. பரீட்சை எழுது. பீஸ் எவ்வளவுன்னு மட்டும் இப்பமே விசாரிச்சு வை.”

1857-ல் தொடங்கிய ஜே.ஜே. ஓவியக் கல்லூரியில் சேர நுழைவுத் தேர்வு உண்டு. கல்லூரிப் பாடம் முடித்த பின், இரவில் அரை மணி நேரம் கை வரைந்து பழகுகிறேன். மாதிரிக்கு வேறு எங்கும் போகவில்லை. பேரேட்டைப் புரட்டும் அப்பாவின் கைதான். விரல்கள் இன்னும் சரியாக வரவில்லை. நாளைக்கு மறுபடி பார்க்க வேண்டும்.