கூட்டாளி கைவிட்டபோது

இடம்பெயர்ந்த நம் குடும்பங்கள் ஜெபக் கூட்டத்துக்கு வரும்போது மழையைப் பற்றிப் பேசுகிறோம். காணியைப் பற்றியும் நிவாரணத்தைப் பற்றியும் பேசுகிறோம். ஒரு துக்கத்தை மட்டும் வாய்விட்டுச் சொல்லத் தயங்குகிறோம். அது கூட்டாளியால் வந்த துக்கம்.

வெலிமடைப் பக்கத்தில் நம்மில் ஒருவருக்கு நேர்ந்தது இது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழையில் பதுளை மாவட்டத்தின் பல இடங்களில் மண் சரிந்தது. இவருடைய வீட்டுக்கு மேலே இருந்த மேட்டில் வெடிப்புக் கண்டது. குடும்பத்தோடு பாடசாலைக் கட்டிடத்துக்குப் போனார். சற்றுத் தள்ளியிருந்த காணியில், கூட்டாளியோடு பாதிக்குப் பாதி செலவு போட்டு நட்ட உருளைக்கிழங்கு மட்டும் தப்பி நின்றது. விதைக்கிழங்கு வாங்க மனைவியின் சங்கிலியை அடகு வைத்திருந்தார். இரண்டு மாதம் கழித்து, கூட்டாளி தனியாகக் கிழங்கைத் தோண்டி, கெப்பெட்டிபொலச் சந்தையில் விற்றுவிட்டார். பங்கு கேட்டபோது, நீ இல்லாத காலத்தில் நான்தானே பார்த்துக்கொண்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். வீட்டை நினைத்தல்ல, இருபது வருடம் ஒன்றாக மண் வெட்டியவர் இப்படிச் செய்ததை நினைத்தே தூக்கம் வரவில்லை என்று இவர் நம்மிடம் சொன்னார்.

இப்படிப்பட்டவருக்கு வேதம் என்ன ஆறுதல் தருகிறது? உடனே மன்னித்துவிடு என்று சொல்லி அது வாயை அடைப்பதில்லை. முதலில் அழ இடம் கொடுக்கிறது.

வெறுங்காலோடு ஏறிய அரசர்

தாவீது அரசரும் ஒருநாள் இடம்பெயர்ந்தார். மகன் அப்சலோம் கலகம் செய்தபோது எருசலேமை விட்டு ஓடினார். கீதரோன் ஆற்றைக் கடந்து, தலையை மூடிக்கொண்டு, வெறுங்காலோடு அழுதுகொண்டே ஒலிவமலையில் ஏறினார். ஏறும் வழியில்தான் அடுத்த செய்தி வந்தது: அவருடைய ஆலோசகர் அகித்தோப்பேலும் எதிரிகளோடு சேர்ந்துவிட்டார். இது சாமுவேலின் இரண்டாம் புத்தகம் 15ஆம் அதிகாரத்தில் உள்ளது.

55ஆம் சங்கீதத்தைப் பலர் இந்த நிகழ்ச்சியோடு சேர்த்து வாசிப்பார்கள். சங்கீதம் பெயர் எதையும் சொல்லவில்லை. ஆனால் வலி அதே வலிதான். பகைவன் செய்திருந்தால் தாங்கியிருப்பேன், கூட ஆலயத்துக்கு நடந்தவன் செய்ததைத் தாங்க முடியவில்லை என்பது அதன் முறையீடு. புறாவைப் போலச் சிறகிருந்தால் எங்காவது பறந்துபோவேன் என்ற ஏக்கமும் அதில் உண்டு. கோபமான வார்த்தைகளும் உண்டு. அந்தக் கோபம் எதிராளியின் வீட்டு வாசலுக்குப் போகாமல் கடவுளிடம் போகிறது. கடைசியில் பாரத்தை அவர்மேல் வைக்கும்படி நம்மையும் அழைக்கிறது. கோபத்தோடு ஜெபிக்கக்கூடாது என்று நினைத்து ஜெபத்தையே விட்டவர்கள் நம்மில் உண்டு. அவர்கள் இந்தச் சங்கீதத்தை வாசிக்க வேண்டும்.

மறந்துபோன ஒரு கணக்கு

அகித்தோப்பேல் ஏன் மாறினார் என்று வேதம் நேராகச் சொல்லவில்லை. ஆனால் பத்சேபாளின் தகப்பன் பெயர் எலியாம். அகித்தோப்பேலின் மகன் பெயரும் எலியாம். இருவரும் ஒருவரே என்றால், தாவீது பாவம் செய்தது அகித்தோப்பேலின் பேத்தியோடு. கொல்லச் செய்தது அந்தப் பேத்தியின் கணவன் உரியாவை. அப்படியானால் துரோகத்துக்கு முன்னரே அந்த வீட்டில் ஒரு காயம் இருந்திருக்கிறது.

இதைக் கேட்ட நம் நண்பர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, ஒருமுறை கூட்டாளியின் மனைவி நோயாய்க் கிடந்தபோது கைமாற்றுக் கேட்டு வந்தவரைக் கையில் பணம் இருந்தும் வெறுங்கையாக அனுப்பியதைச் சொன்னார். அதனால் கிழங்கை விற்றது நியாயமாகிவிடாது. ஆனால் போய்ப் பேசுவதற்கு ஒரு வாசல் அதில் திறந்தது.

படுக்கையும் பயறும் கொண்டுவந்தவர்கள்

தாவீது வனாந்தரத்தில் களைத்துக் கிடந்தபோது மூவர் வந்தார்கள். படுக்கைகள், மண்பாத்திரங்கள், கோதுமை, வாற்கோதுமை, மாவு, பயறு, தேன், வெண்ணெய், ஆடுகள் எல்லாம் கொண்டுவந்தார்கள். அவர்களில் ஒருவர் அந்நிய அம்மோன் தேசத்தவர். இன்னொருவர் எண்பது வயது முதியவர். ஒரு கூட்டாளி போன இடத்தில் எதிர்பாராத வேறு கைகள் நீண்டன. நாம் பாடசாலைத் தரையில் படுத்த இரவுகளில் சோறு கொண்டுவந்தவர்களை நினைத்துப் பார்ப்போம். அவர்களில் எத்தனை பேரை நமக்கு முன்பே தெரியும்?

இனி என்ன செய்வது?

மன்னிப்பது என்றால் கணக்கை மறைப்பது என்று பொருளல்ல. மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் இயேசு வழி காட்டுகிறார். முதலில் தனியே போய்ப் பேச வேண்டும். கேட்காவிட்டால் ஓரிருவரை அழைத்துப் போக வேண்டும். அதன் பிறகே சபைக்குச் சொல்ல வேண்டும். நாமோ பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறோம். ஊரெல்லாம் சொல்லிவிட்டு, உரியவரிடம் மட்டும் பேசாமல் இருக்கிறோம்.

போகுமுன் செலவையும் பங்கையும் ஒரு தாளில் எழுதிக்கொள்வது நல்லது. பேச்சு முறிந்தால் மத்தியஸ்த சபை இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த அந்தச் சபையில் சட்டத்தரணி இல்லாமலே இரு தரப்பும் நேரில் பேசலாம். பிரதேச செயலகத்தில் விசாரித்தால் விபரம் கிடைக்கும். அடுத்த போகத்தில் பங்குக்குப் பயிர் செய்வோர் ஒப்பந்தத்தை முதலிலேயே எழுதி, இருவரும் கையொப்பமிடட்டும்.

எல்லா நட்பும் திரும்பி வராது. அகித்தோப்பேல் தன் ஊருக்குப் போய் உயிரை மாய்த்துக்கொண்டார். தாவீது அவரோடு பேசவே முடியவில்லை. அதே கீதரோனைக் கடந்து போன இயேசு, தம்மைக் காட்டிக்கொடுக்க வந்த யூதாசைச் சிநேகிதனே என்றே அழைத்தார். யூதாசும் திரும்பவில்லை. ஆனாலும் இயேசுவின் வாயில் அந்தச் சொல் கசந்துபோகவில்லை.

நம் நண்பர் சென்ற மாதம் தனியே போய்ப் பேசினார். கைமாற்று விஷயத்துக்கு முதலில் மன்னிப்புக் கேட்டார். பிறகு தாளை எடுத்துக் கணக்கைக் கேட்டார். பணம் இன்னும் வரவில்லை. ஆனால் கூட்டாளி கதவைச் சாத்தவில்லை, தேத்தண்ணி கொடுத்தார் என்று வந்து சொன்னார். அன்றிரவு தூங்கினாராம்.

இன்றிரவு விளக்கை அணைக்குமுன் 55ஆம் சங்கீதத்தைக் குடும்பமாகச் சத்தமிட்டு வாசிப்போம். யாரை நினைத்து நெஞ்சு கனக்கிறதோ, அவருடைய பெயரையும் சொல்லி ஜெபிப்போம்.